புடவைக்குப் பின்னால் ஓர் ஆபீஸ்

மாதுங்காவில் எங்கள் கட்டடத்து ஆண்கள் அத்தனை பேரும் காலையில் ஆபீஸ் போவார்கள். போவார்கள் என்ன, ஓடுவார்கள். லோக்கல் ரயில் யாருக்காகவும் நிற்காது. அவர்கள் இறங்கிப் படிக்கட்டு ஓய்ந்த பிறகு எதிர் வீட்டு வாலாம்பாளும் ஆபீஸ் கிளம்புவாள். முகம் அலம்பி, பொட்டைச் சரிசெய்து, தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நாலு வயசு விஜியிடம், "போயிட்டு வரேன்" என்பாள்.

"போயிட்டு வா" என்று குழந்தை கையை ஆட்டும்.

வாலாம்பாள் கூடத்தைக் கடந்து, குறுக்கே கட்டியிருந்த பழைய ஒன்பது கஜப் புடவையை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்காருவாள். ஆபீஸ் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் டக டகவென்று டைப் அடிக்கும் சத்தம் என் அடுக்களை வரைக்கும் கேட்கும். பம்பாயில் டிராமுக்கும் ரயிலுக்கும் தண்டம் அழாமல் ஆபீஸ் போகிறவள் நீ ஒருத்திதாண்டி என்று நான் அவளைக் கேலி செய்வேன்.

யுத்த காலம் அது. அரிசி ரேஷனுக்கு வந்துவிட்டது. அவள் புருஷன் வேங்கடசுப்ரமணியனுக்குக் கோட்டைப் பக்கத்தில் குமாஸ்தா உத்தியோகம். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பால் பொங்கிவிடும், அதனால் மணி என்றே சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் பாலக்காட்டில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள் வாலாம்பாள். மணிக்குத் தெரிந்த ஒரு வக்கீல் தன் காகிதங்களை வீட்டிலேயே அடித்துத் தரட்டும் என்றார். வாடகைக்கு ஒரு மிஷினும் வந்து இறங்கியது. மணி நல்லவர், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"கொழந்தை ஒரு நாள்கூட அம்மாக்காக ஏங்கப்படாது. ஏங்கினா மிஷின் திரும்பிப் போயிடும்."

அவள் சரி என்று சொல்லிவிட்டாள். அன்று அவள் முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரியும், அந்த மிஷின் போனால் இவள் பாதியாகிவிடுவாள் என்று. சமையலில் உப்புக் குறைந்தால்தான் யாரும் வாயைத் திறப்பார்கள். இவள் அடித்த காகிதத்தைப் பார்த்து, ஒரு பிழைகூட இல்லை என்று அந்த வக்கீல் சொல்லியனுப்பினார். அதை என்னிடம் வந்து மூன்று தடவை சொன்னாள். கார்பன் மை அப்பிய விரல்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

ஆபீஸ் விளையாட்டு அதற்குப் பிறகு பிறந்ததுதான். அடிக்கிற நடுவில் விஜி "அம்மா" என்று ஓடி வந்தால் விரல் பிசகும். பிசகினால் கார்பன் வைத்த எல்லாப் பிரதியிலும் அழித்து எழுத வேண்டும். அதனால் புடவைக்கு அந்தப் பக்கம் அம்மா கிடையாது, அவள் ஆபீஸ் போய்விட்டாள். அங்கே இருப்பது ஆபீஸ் மாமி. ஏதாவது வேண்டுமென்றால் எதிர் வீட்டு பாகீரதி மாமியைக் கேட்க வேண்டும், அதாவது என்னை. மத்தியானம் அம்மா திரும்பி வருவாள். வெளியே போய் வந்தவள் இல்லையா, காலை அலம்பிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். விஜி சொம்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து ஜலம் விடுவாள். பாதி ஜலம் கூடத்தில்தான் போகும். "விரல் இடுக்குல அழுக்கு இருக்கு" என்று அதட்டலும் உண்டு. அதற்கப்புறம் இடுப்பில் ஏறினால் சாயங்காலம் வரை இறங்கமாட்டாள்.

ஒரு நாள் வக்கீல் புதிதாக ஒரு பியூனை அனுப்பினார். தாராவியில் குடியிருந்த திருநெல்வேலிக்காரர், வெயிலுமுத்து என்று பெயர். வாசலில் விஜி உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா, அம்மா இருக்காவளா?"

"அம்மா ஆபீஸ் போயிருக்கா."

"அப்பம் உள்ள டக்கு டக்குன்னு அடிக்கது யாரு?"

"அது ஆபீஸ் மாமி."

வெயிலுமுத்து காகிதக் கட்டோடு அப்படியே திரும்பிப் போய்விட்டார். அந்த அம்மா வேறெங்கேயோ வேலைக்குப் போறாவ, நம்ம காயிதத்தை யாரோ ஒரு மாமியை வச்சு அடிக்காவ என்று வக்கீலிடம் சொல்லியும் விட்டார். கட்சிக்காரர்களின் ரகசியமெல்லாம் அடங்கிய காகிதம். வக்கீல் குதித்தார். மறுநாள் வெயிலுமுத்து வந்து, "மிச்சக் காயிதத்தையும் வாங்கிட்டு வரச் சொல்லிட்டாவம்மா" என்று நின்றபோது வாலாம்பாளுக்கு ஒன்றும் புரியவில்லை. விஷயம் புரிந்ததும் அவள் சிரித்தாள், பிறகு அழுதாள். புடவையைத் தூக்கிக் காட்டி, அவர் கண்ணெதிரே ஒரு பக்கத்தை அடித்து முடித்தாள். "நாந்தான் ஆபீஸ் மாமி. போய்ச் சொல்லுங்கோ."

அந்த மனுஷர் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். வக்கீலிடம் என்ன சொன்னாரோ, சாயங்காலமே காகிதங்கள் திரும்பி வந்தன. மிஷின் பிழைத்தது. கட்டடம் முழுக்க அவளை ஆபீஸ் மாமி என்றே கூப்பிட ஆரம்பித்தோம், அவளும் கோபித்துக்கொள்ளவில்லை.

பிறகு வந்த ஒரு சனிக்கிழமை. மணிக்கு அரை நாள், சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கைமாற்றாகக் காப்பிப் பொடி வாங்க அங்கே போயிருந்தேன். அவசரக் காகிதம் என்று வாலாம்பாள் ஆபீசில் இருந்தாள். தூங்கி எழுந்த விஜி, கண்ணெல்லாம் சிவந்து, தள்ளாடிக்கொண்டே வந்தாள். அப்பாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேராகப் புடவைக்கு முன்னால் போய் நின்றாள். அதைத் தொடவில்லை.

"ஆபீஸ் மாமி, எங்கம்மா அங்க இருக்காளா? நேக்கு ஒடம்பு சுடறது. கொஞ்சம் ஆத்துக்கு அனுப்பறேளா?"

டைப் சத்தம் நின்றது. ஒவ்வொரு வரி முடிவிலும் மிஷினில் டிங்கென்று ஒரு சத்தம் வருமே, அது வரவே இல்லை. வாலாம்பாள் புடவையை விலக்கிக்கொண்டு வந்து குழந்தையை வாரி எடுத்தாள். அதன் நெற்றியில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். அப்புறம்தான் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன்னா, நீங்க சொன்னது நடந்துடுத்து. மிஷினை அனுப்பிடலாம்."

குரல் உடையாமல்தான் சொன்னாள். நான் மணியைப் பார்த்தேன். வாயைத் திறந்து ஆமாம் என்று மட்டும் சொல்லட்டும், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று தயாராகத்தான் இருந்தேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கிட்டே வந்தார். விஜியின் தலையைத் தடவினார்.

"விஜிக்குட்டி, அம்மா இனிமே ஆபீஸ் போக வேண்டாம். ஆத்துலயே இருக்கட்டும். சந்தோஷந்தானே?"

விஜி தோளிலிருந்து தலையைத் தூக்கினாள். அப்பாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது மாதிரி பார்த்தாள்.

"போகாட்டா அம்மா எப்படி வருவா?"

அதற்குள் விஜிக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. "அம்மா, நீ காலே அலம்பலையே!" என்று நழுவி இறங்கிச் சொம்பைப் பிடித்தாள். ஜுரக் கைக்கு அது எழும்பவில்லை.

"குடு" என்றார் மணி. சொம்பை வாங்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். வாலாம்பாள் பதறிப்போய்க் காலைப் பின்னால் இழுத்தாள். "ஐயோ, என்ன இது, மாமி நிக்கறா!"

"ஆபீஸ்லேர்ந்து வந்தவா கால் அலம்பாண்டாமா?" என்று சொல்லி ஜலத்தை விட்டார்.

நான் காப்பிப் பொடி கேட்க வந்ததையே மறந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நழுவினேன். என் வாசலைத் தாண்டும்போது பின்னால் விஜியின் அதட்டல் கேட்டது.

"விரல் இடுக்குல விடுப்பா! நோக்கு ஒண்ணுமே தெரியலை."