அக்காவின் பக்கத்தில் நின்றவர்கள்

அக்காவின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்கும் அயலவர்களுக்கும் என் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் முன்னால் பேசவும் எனக்கு வராது. அக்காவின் மகள் சுகந்திதான், "மாமா, நீங்கதான் எழுதணும். வேற யாருக்கும் அம்மாவ முழுசாத் தெரியாது" என்று சொல்லிக் கொப்பியையும் பேனையையும் என் முன்னால் வைத்துவிட்டாள். எழுத்துப் பிழைகளை அவள் திருத்தியிருப்பாள். மற்றப் பிழைகள் என்னுடையவை.

அக்கா ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்து வீட்டில் பிறந்தார். அப்பா காய்ச்சலில் இறந்தபோது அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஐந்து. அம்மா எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் குடியேறினார். அக்கா வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனார். சமையல் அங்கேதான் பழகினார். என் பள்ளிக்கூடச் சப்பாத்து அந்தச் சம்பளத்தில் வாங்கியது. அதைப் போட்டுக்கொண்டு நான் பள்ளிக்கூடத்துக்குப் போனது கொஞ்ச நாள்தான். படிப்பை விட்டுவிட்டு ஒரு சாமான் கடைக்கு வேலைக்குப் போனேன். ஒரு கிழமை, ஏழு நாளும் அக்கா என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் சோற்றைப் போட்டு முன்னால் வைத்து, "தின்னுடா. வேலைக்குப் போறவனுக்குப் பசிக்கும்" என்றார். அதோடு கோபம் முடிந்தது.

அக்காவைக் கட்டிய அத்தான் துறைமுகத்தில் வேலை செய்தவர். நல்ல மனிதர். சுகந்திக்கு மூன்று வயதாக இருக்கும்போது அவர் இறந்துபோனார். அக்கா மூலையில் உட்காரவில்லை. விடிய முன் எழும்பிச் சமைத்து, கொச்சிக்கடையில் மூட்டை ஏற்றி இறக்கும் ஆட்களுக்குச் சோற்றுப் பார்சல் கட்டினார். நானும் அப்போது அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். பார்சலை வாங்கியவுடன் ஆட்கள் முகர்ந்து பார்ப்பார்கள். அக்காவின் வலது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை எண்ணெய் கொட்டிய தழும்பு இருந்தது. அந்தக் கையால் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்.

சுகந்தி படித்து வேலைக்குப் போய்க் கெமராப் போன் வாங்கிய பிறகு அக்காவுக்கு ஒரு பழக்கம் வந்தது. யார் வீட்டுக்கு வந்தாலும் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கச் சொல்வார். தோளில் கை போடுவார், பிள்ளை இருந்தால் இடுப்பில் தூக்கிக்கொள்வார். ஒரு நாளும் தனியாக நிற்க மாட்டார். "தனியா நின்னா ஐடென்டிக் கார்டு மாதிரி இருக்கும்" என்பார். களுபோவில ஆசுபத்திரியில் கிடந்த கடைசி நாட்களிலும், வார்டு கூட்டுகிற சிங்களப் பெண்ணைத் தங்கச்சி என்கிற அர்த்தத்தில் நங்கி என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துப் படம் எடுக்கச் சொன்னார். அதுதான் கடைசிப் படம். இரண்டு நாள் கழித்துக் காலையில் அக்கா போய்விட்டார். நான் தேத்தண்ணீர் வாங்கக் கீழே போயிருந்தேன்.

ஆண்டுத் திவசத்துக்கு அக்காவின் படங்களை ஒரு புத்தகமாக அடித்து எல்லோருக்கும் கொடுக்கலாம் என்றாள் சுகந்தி. அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். டொக்டர் அலைய வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் கடை தேடும் வேலை எனக்கு வந்தது. எங்கள் சித்தப்பா ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார். "செத்தவங்க பொஸ்தகத்துல உசுரோட இருக்கிறவங்க மூஞ்சி வரக்கூடாது. அக்கா படம் மட்டும் போடச் சொல்லு. மத்தவங்கள வெட்டிரு" என்றார். நம் ஆட்களிடம் உள்ள வழக்கம்தான். நானும் சரி என்று தலையை ஆட்டினேன்.

வெள்ளவத்தைக் கடைத்தெருவான காலி வீதியில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். கண்ணாடி அலுமாரியில் கலியாண அல்பங்கள். தொட்டுப் பார்க்கவே பயமாக இருக்கும் வழுவழுப்பான தாள். கடைக்காரர் மரியாதையான ஆள். "அம்மாவை மட்டும் எடுத்துத் தரவேணும், அப்பிடித்தானே அண்ணே? பயப்பிடாதேங்கோ, வடிவாச் செய்து தருவம்" என்றார். சொன்ன நாளில் திரும்பப் போனபோது மாதிரிப் புத்தகம் ஒன்று அடித்து வைத்திருந்தார். புரட்டிப் பார்த்தேன், எனக்குப் பிடிக்கவில்லை. குறை சொல்லக் கூச்சப்பட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சுகந்தி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். அக்கா வெள்ளையாக இருந்தார். கையில் தழும்பு இல்லை. பின்னால் எங்கோ ஒரு நீர்வீழ்ச்சி. பிள்ளையைத் தூக்கியிருந்த கையில் பூங்கொத்து இருந்தது. யாரோ ஒருவரின் தோளில் அக்கா போட்டிருந்த கை, ஆள் இல்லாமல் காற்றில் நின்றது. அவள் அழவில்லை. புத்தகத்தை மூடி என்னிடம் தந்தாள்.

"இது அம்மா இல்ல மாமா."

ஒரு தடவை ஆசுபத்திரியில் இழந்தவரை, என் கையெழுத்தால் இரண்டாம் தடவையும் தொலைத்தது போல இருந்தது.

பின்னேரம் சித்தப்பா வந்தார். சுகந்தி அவரிடம் நேரே கேட்டாள். "எல்லாரையும் வெட்டுனா அம்மா எங்க இருக்காங்க தாத்தா?"

"வயித்துப்புள்ளக்காரி நீ. ஒன் படத்த அதுல போட்டு, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"பத்து மாசம் அவங்க வயித்துக்குள்ளயே இருந்தேன். பக்கத்துல நின்னா என்னா ஆயிரப் போகுது?"

சித்தப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். அவர் பயந்தது அவளுக்காகத்தான். அதை இங்கே சொல்ல வேண்டும்.

நான் திரும்ப வெள்ளவத்தைக்குப் போனேன். அந்தக் கடை வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கடைக்காரர் கோபப்படவில்லை. "நீங்கள் சொன்னபடிதானே அண்ணே செய்தனாங்கள்? முதல்ல இருந்து செய்யிறதெண்டால் திவசத்துக்கு முந்தித் தர ஏலாது" என்றார். அவர் சொன்னது நியாயம். தவறு என்னுடையது.

கடைசியில் கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் சின்ன அச்சகத்துக்குப் போனேன். மரண அறிவித்தலும் கோயில் நோட்டீசும் அடிக்கிற இடம். நடத்துகிறவர் பிலோமினா அம்மா. நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டுப் படங்களை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தம்பி, மொதல்லயே சொல்லிர்றேன். அங்க மாதிரி பளபளப்பா எங்க மெசினுல வராது. கலரும் கொஞ்சம் மங்கலாத்தான் வரும்."

"தழும்பு வருமா அம்மா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "படத்துல இருக்கிறது வரும்" என்றார். அங்கேயே கொடுத்துவிட்டேன்.

படத்தில் உள்ளவர்களைக் கேட்காமல் போடக்கூடாது என்று பிலோமினா அம்மா சொன்னார். அதனால் வீடு வீடாகப் போனேன். மனிதர்களிடம் போய் ஒன்று கேட்பது எனக்கு மூட்டை தூக்குவதைவிடப் பாரம். ஆனால் அநேகமாக எல்லோரும் உடனே சம்மதித்தார்கள். எதிர்வீட்டு மல்லிகா, "அக்கா பக்கத்துல நிக்க எனக்கென்னா பயம்? அந்த நைட்டி போட்ட படத்த மட்டும் போட்டீங்க, ஒங்கள சும்மா விட மாட்டேன்" என்றாள். அக்கா போன பிறகு நான் முதல் தடவை சிரித்தது அன்றுதான். வேண்டாம் என்றவர்களின் படங்களைச் சேர்க்கவில்லை. அவர்கள் மேல் எங்களுக்கு மனக்குறை இல்லை.

அச்சுக்குக் கொடுக்கிற அன்று சித்தப்பா தானாக அச்சகத்துக்கு வந்தார். "என் படம் இருக்கா?" என்று கேட்டார்.

"நீங்க வேணாம்னு சொன்னீங்கன்னு எடுத்துட்டேன் சித்தப்பா."

"சேத்துரு. இந்த வயசுல எனக்கு என்னா வந்துரப் போகுது? அவ கையால தின்னவன் நான்." ஒன்பதாம் பக்கத்தில் அக்கா தோசை வைக்கிற தட்டு அவருடையது.

அப்போதுதான் பிலோமினா அம்மா கேட்டார்: "இதுல ஒங்க படம் எது தம்பி?"

நான் தேடினேன். இல்லை. இன்னொரு தடவை தேடினேன். அக்காவோடு நிற்கிற படம் எனக்கு ஒன்றுகூட இல்லை. படம் எடுக்கும்போதெல்லாம் நான் கூச்சத்தில் எங்காவது போய் ஒளிந்துகொள்வேன். முப்பது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறேன், ஒரு தடவை பக்கத்தில் நிற்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அக்காவைத் தூக்கி உட்கார வைத்த தாதிமாருக்கும், வார்டு கூட்டிய நங்கிக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த கொச்சிக்கடை ஆட்களுக்கும், பந்தலும் கதிரையும் தந்த அயலவர்களுக்கும், பொறுமையாக இருந்த வெள்ளவத்தைக் கடைக்காரருக்கும், பிலோமினா அம்மாவுக்கும், அக்காவின் பக்கத்தில் தங்கள் முகமும் இருக்கட்டும் என்று சம்மதித்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடைசிப் பக்கத்தில் உள்ள படம் சுகந்தியின் பிறந்தநாளில் எடுத்தது. அக்கா கெமராவைப் பார்க்கவில்லை. முகம் ஒரு பக்கம் திரும்பி, வாய் திறந்து, கை பாதி தூக்கியபடி இருக்கிறது. நல்லாயில்லை என்று முதல் கடையில் ஒதுக்கிய படம். சுகந்திதான் சொன்னாள்: "அம்மா அதுல ஒங்களத்தான் கூப்புடுறாங்க மாமா. நீங்க குசினிக்குள்ள அடுப்படியில நின்னீங்க." எனக்கும் ஞாபகம் இருக்கிறது. கூப்பிட்டது கேட்டது. பிறகு வாறேன் அக்கா என்று உள்ளே இருந்து சொன்னேன்.

அந்தப் படத்தில் அக்காவின் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் சும்மா கிடக்கிறது. அதை வெட்டிச் சரிப்படுத்தட்டுமா என்று பிலோமினா அம்மா கேட்டார். வேண்டாம், அது எனக்கு விட்ட இடம் என்று சொன்னேன்.

அக்காவின் தம்பி
கொட்டாஞ்சேனை