வெள்ளையம்மாளின் சடை

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் நல்லம்மாளின் வாரம் வெள்ளிக்கிழமையைச் சுற்றியே நடந்தது. அன்றுதான் அவள் அம்மா வெள்ளையம்மாளுக்குத் தலைமுழுக்கு. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அம்மா கட்டிலோடு சரி. அசைத்தால் அலறுவாள். அதனால் நல்லம்மாள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். விரிப்போடு சேர்த்து அம்மாவைக் குறுக்கே இழுத்து, தலை மட்டும் கட்டில் விளிம்புக்கு வெளியே வரும்படி வைப்பாள். கழுத்துக்கடியில் சுருட்டிய சாக்கு, கீழே மண்ணெண்ணெய் டின். இடது கையில் தலையைத் தாங்கி, வலது கையால் சீயக்காய் தேய்ப்பாள். துவட்டி, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்துப் பின்னி, பின்னலை மார்புப் பக்கம் போட்டுவிடுவாள். பின்னால் கிடந்தால் தலையணையில் அரைபடும்.

நல்லம்மாள் முப்பது வயதில் கணவனை இழந்து அண்ணன் நாகையாவின் வீட்டுக்கு வந்தவள். இப்போது முப்பத்தாறு.

1931 மாசியில் அவளுக்கே மலேரியா வந்தது. பன்னிரண்டு நாள் எழவில்லை. ரயில்வே பட்டறையிலிருந்து வந்ததும் நாகையா அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினான், தலையைத் தொடவில்லை. நல்லம்மாள் எழுந்து வந்து பார்த்தபோது அம்மாவின் நரைத்த பிடரி முடி வியர்வையில் ஊறி, உள்ளங்கை அகலத்துக்குக் கம்பளிபோல் ஒட்டிப்போயிருந்தது. எண்ணெய் தடவிச் சீப்பை எடுத்தாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தங்கமணி ரசத்தோடு உள்ளே வந்தாள்.

“அடியே, சீப்ப கீழ போடு! ஆத்தா எறங்கிச் சடை போட்டிருக்காடி!”

“சடையும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. காய்ச்சல்ல கெடந்தேன், சீவல. அவ்வளவுதான்.”

“ஒனக்குக் காய்ச்சலக் குடுத்தது யாரு? அவதான். ஏன் குடுத்தா? நீ சீவக்கூடாதுன்னுதான்!”

நல்லம்மாள் சீப்பைக் கீழே வைத்தாள்.

அடுத்த வெள்ளி ஏழு பெண்கள் வந்தார்கள். சடைக்கு மஞ்சள் நீர் தெளித்து, குங்குமம் வைத்துக் கும்பிட்டார்கள். அந்த மாதமே பட்டறையில் ஆட்குறைப்பு வந்து, பலரைக் கப்பலேற்றிச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். நாகையாவின் பெயர் பட்டியலில் இல்லை.

“ஆத்தாதான் என்னைக் காப்பாத்தினா. சடையில கத்தரி வெச்சேன்னா, அப்புறம் இந்த வீட்ல ஒனக்கு எடம் கெடையாது” என்றான் அவன்.

சடையை வெட்டவிடும்படி நல்லம்மாள் அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“இருக்கட்டும்டி. ரெண்டு வருசமா என்னைப் பாக்க யாரு வந்தா?”

வாராவாரம் தெளித்த மஞ்சள் நீர் சடைக்குள்ளேயே நின்றது. வாடை வந்தது. பெண்கள் சாம்பிராணியைக் கூடுதலாகப் போட்டார்கள். ஒரு காலை தலையணை ஓரமாக எறும்புச் சாரி ஒன்று பிடரியை நோக்கிப் போவதை நல்லம்மாள் கண்டாள்.

நாகையா வேலைக்குப் போனதும் கதவைத் தாழிட்டாள். அம்மாவை விளிம்புக்கு இழுத்து, சடைக்கடியில் விரலைக் கொடுத்து, தோலுக்கும் கத்தரிக்கும் நடுவே விரல் இருக்கும்படி பார்த்து வெட்டினாள். சடை மூடிபோல் முழுதாகக் கழன்று வந்தது. அடியில் சதை வெந்து, சீழ் கட்டியிருந்தது. வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்து ஆற்றிய நீரால் மூன்று தடவை கழுவினாள். அம்மா ஒரு சத்தம்கூடப் போடவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் அழுதாள்.

“எரியுதாம்மா?”

“எரியல. அதக் கட்டி விட்டுருடி.”

“எத?”

“வெட்டினத.”

நல்லம்மாள் கத்தரியைக் கீழே வைத்தாள். பிறகு சடையைச் சீயக்காயில் அலசி அடுப்பருகே உலர்த்தினாள். மீதி முடியைப் பின்னி, புண்ணில் படாதபடி, பின்னலின் கீழ்ப்பகுதியில் அதை வெள்ளை நூலால் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை தங்கமணி முதலில் பார்த்தாள்.

“போன வாரத்துக்கு ஒரு சாண் கீழ எறங்கிருக்கு பாரு! ஆத்தா வளர்க்குறாடி!” கையை நீட்டினாள்.

“தொடாதீங்கக்கா.”

“ஏண்டி?”

“ஆத்தா கோவிச்சுக்குவா.”

பெண்கள் பின்வாங்கி நின்றார்கள். நாகையா வாசலிலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டான். அம்மா மட்டுமே மகளை அண்ணாந்து பார்த்தாள்.

புண் இருபது நாளில் ஆறிவிட்டது. ஆனால் வளர்கிறது என்று சொல்லிவிட்டார்களே. வியாழன்தோறும் சடையைக் கழற்றி, அந்த வாரம் அம்மாவின் சீப்பில் வந்த முடியை அதில் வைத்து, எண்ணெய் தொட்டு, உள்ளங்கையில் உருட்டிச் சேர்த்தாள். அது போதாத வாரங்களில் தன் தலையை அவிழ்த்து, கண்ணாடி முன் நின்று, நரைத்த முடிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.