மேலே விரிந்த ஃபோல்டர்

தாராவியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றில் டிசைனராக இருந்தேன். மாடியில் எனக்கும் சீனியருக்கும் ஆளுக்கொரு லினக்ஸ் கணினி. டிசைன்கள் எல்லாம் கீழே அச்சு இயந்திரத்தோடு இருந்த கணினியில். அதன் ஃபோல்டரை மாடியிலேயே திறக்கும்படி எங்கள் கணினிகளோடு இணைத்து, அதாவது மவுண்ட் செய்து, வைத்தது நான். "நான்தான் செட் பண்ணினேன் அண்ணாச்சி" என்று முதலாளியிடம் பெயர் வாங்கிக்கொண்டவர் சீனியர்.

அதையாவது விட்டிருப்பேன். ஒருநாள் அவரே அழித்த ஃபைலை நான் அழித்ததாகச் சொல்லிவிட்டார். வாடிக்கையாளர்கள் முன்னால் அண்ணாச்சி என்னைத் திட்டித் தீர்த்தார்.  அதை நான் மறக்கவில்லை.

பிறகு ஒரு காலையில் மின்சாரம் போய் வந்தது. கீழ்க்கணினி தாமதமாக எழுந்ததால் மாடியில் மவுண்ட் ஆகவில்லை. ஃபோல்டர் வெறும் கூடாக நின்றது. என் கணினியில் பார்த்ததும் சரிசெய்துவிட்டேன். சீனியர் கவனிக்கவே இல்லை. புதிதாக வந்த பத்திரிகை வேலை என்பதால் பழைய ஃபைல்களை அவர் தேடவில்லை. மதியம்வரை உழைத்து, எல்லாவற்றையும் தன் கணினியிலேயே இருந்த அந்த வெற்றுக் கூட்டுக்குள் சேமித்து மூடிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அவர் கணினியில் உட்கார்ந்து மவுண்ட் செய்யும் ஒரே ஒரு வரி அடித்தேன். கீழ்க்கணினியின் ஃபோல்டர் வந்து மேலே விரிந்தது. அவருடைய அரைநாள் வேலை அதற்கு அடியில் போய் மறைந்தது. எதுவும் அழியவில்லை, கண்ணுக்குத்தான் தெரியாது.  

திரும்பி வந்தவர் தேடினார். வியர்த்தார். "ஏம்மா, என் ஃபைல் எங்க?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? நீங்கதான செட் பண்ணுனீங்க?"

பெண் வீட்டார் ப்ரூஃப் பார்க்க வந்து கீழே காத்திருந்தார்கள். அண்ணாச்சி மேலே ஏறி வந்தார். "என்னலே லஃபடா இது? செட் பண்ணுனவன் நீதான? எடுத்துக் குடு பாப்போம்."

சீனியர் என்னைப் பார்த்தார். நான் என் திரையைப் பார்த்தேன். அண்ணாச்சி இறங்கிப் போனதும் மெல்லிய குரலில் கேட்டார்: "கொஞ்சம் பாரேம்மா."

"அண்ணாச்சி முன்னாடி கேளுங்க, பாக்கேன்."

அவர் கேட்கவில்லை. பெண் வீட்டாரை மறுநாள் வரச் சொல்லிவிட்டு முதலிலிருந்து வரைய உட்கார்ந்தார். ஆறு மணிக்கு நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் அவர் வருமுன் அவர் கணினியில் மவுண்ட்டை நீக்கினேன். அடியில் மறைந்திருந்த ஃபைல்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அவர் வரைந்திருந்த மயில் பார்டர் உண்மையிலேயே அழகு. ஒவ்வொன்றாக அழித்துவிட்டு மறுபடி மவுண்ட் செய்தேன்.

அடுத்த வாரம் கணினி மக்கர் செய்தபோது அண்ணாச்சி அவரைத்தான் கூப்பிட்டார். "அதெல்லாம் அந்தப் பொண்ணு வேலை அண்ணாச்சி, அதைக் கேளுங்க" என்றார் சீனியர். நான் நிதானமாக எழுந்து போனேன்.