கார் கதவில் தெறித்த தார்

அப்போது என் கணவர் ஸ்ரீரங்கத்தில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு, புதிதாகத் தார் போட்ட சாலையிலேயே வண்டியை விரட்டினார். புத்தூர் ஆஸ்பத்திரியில் அவளை இறக்கிவிட்டவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சரிந்துவிட்டார். அவளுக்குச் சுகப்பிரசவம் ஆனது.

"இனி எங்க கையில ஒண்ணும் இல்லம்மா" என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். உள்ளே போனால், என் கணவர் காரைப் பற்றிப் பேசினார்.

"கதவெல்லாம் தார் தெறிச்சிருக்கும். பிளேடால சுரண்டிடாத, பெயிண்ட் போயிடும். தேங்காய் எண்ணெய் தடவி நல்லா ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியால மெதுவா துடை."

எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த நிலையிலும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே! ஆனாலும் வீட்டுக்கு வந்து, சக டிரைவர் ஒருவர் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்த காரில் அழுதுகொண்டே எண்ணெய் தடவினேன். அழுத்தித் தேய்க்கக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு, தார் இளகும்வரை காத்திருந்து துடைத்தேன். பச்சைப் பெயிண்டில் ஒரு கீறல்கூட விழவில்லை.

மறுநாள் போய், "கார் சுத்தமாயிடுச்சுங்க" என்றேன்.

அவர் என் விரல்களையே பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கறுப்பாக இருந்தது.

"உன் கையைத் துடைச்சுக்கலையா?"

அவர் தலையில் தடவ நான் கொண்டுபோயிருந்த எண்ணெயை வாங்கி, விரலில் தொட்டு என் நகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பாதியில் களைத்துத் தூங்கிப்போனார். பிறகு கண் விழிக்கவே இல்லை.

அந்த ஒரு கேள்வி போதும் என்று மனத்தைத் தேற்றிப் பார்க்கிறேன். இன்றுவரை போதவில்லை.