எதிர்முள் நசுக்கிய தூண்டில்

சனிக்கிழமைதோறும் மீன் பிடிக்கப் போகிறேன், வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறேன். மீன் மாட்டாமல் இல்லை. ஓர்லெயானுக்கு வெளியே நான் போகிற ஏரியில் பிளாக் பாஸ் என்கிற மீன் நிறைய உண்டு. வாய் மட்டும் உடம்பில் பாதி இருக்கும், கோபக்கார மீன். பிடித்ததும் ஈரக்கையால் தாங்கி, கொக்கியைக் கழற்றி, மறுபடி தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அந்த ஏரியின் சட்டம் அது. இத்தனை வருஷம் ஆகியும் என் மனைவி வசந்திக்கு இது ஜீரணமாகவில்லை. "சந்தைக்குப் போயி காய எல்லாம் தொட்டுப் பாத்துட்டு வர்ற மாதிரி இருக்குது உங்க கத" என்பாள். அவள் பாகூர்க்காரி. ஏரி மீனையும் கடல் மீனையும் ஒரே வாரத்தில் சாப்பிட்டு வளர்ந்தவள்.

பிரான்ஸ் வந்த புதிதில் எனக்கும் அது தெரியாது. முதல் மீனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது எதிர்க்கரையிலிருந்து ஒருவர் கையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தார். முகம் சிவந்து போயிருந்தது. அவர் பேசியதில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. எங்கள் கரையாம்புத்தூரில் ஆற்றில் மீன் பிடிக்கும்போது யாராவது பக்கத்தில் வந்து நின்றால் பங்கு கேட்கிறார்கள் என்று அர்த்தம். அதனால் மீனை எடுத்துக் காட்டி, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் "பாதி உங்களுக்கு" என்றேன். மனிதர் இன்னும் சிவந்துவிட்டார். என் தோளைப் பிடித்து அறிவிப்புப் பலகை முன்னால் கொண்டு போய் நிறுத்தினார். மீன் தண்ணீருக்குப் போனது. பிறகு தன் குறடு ஒன்றை எடுத்து என் தூண்டில் கொக்கியின் நுனியை ஒரு நசுக்கு நசுக்கித் தந்தார்.

கொக்கியின் நுனிக்குக் கொஞ்சம் கீழே பின்பக்கம் பார்த்தபடி ஒரு குட்டிமுள் இருக்கும். உள்ளே போன கொக்கி வெளியே வராமல் பிடித்துக்கொள்வது அதுதான். இங்கே அதை அர்தியோன் என்கிறார்கள், நான் எதிர்முள் என்று சொல்லிக்கொள்கிறேன். விடப்போகிற மீனின் வாயைக் கிழிக்கக் கூடாது, அதனால் அதை நசுக்கிவிட வேண்டும். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பல்லைப் பிடுங்கிவிட்டுக் கரும்பைக் கையில் கொடுக்கிறானே என்று நினைத்தேன். ழெரார் என்கிற அந்த மனிதர்தான் பின்னால் எனக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் சிநேகிதர்.

இப்போது நானே ஆயிரம் அபிப்பிராயம் சொல்கிற ஆளாகிவிட்டேன். கேளுங்கள். இரைக்குப் பதிலாகக் கட்டுகிற பொய்மீன் இருக்கிறதே, கடையில் மினுமினுக்கிறவை எல்லாம் மனிதனைப் பிடிக்கச் செய்தவை. கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பு, தெளிந்த தண்ணீருக்கு மங்கலான பச்சை, இந்த இரண்டும் பெட்டியில் இருந்தால் போதும். ரப்பர் புழுவைப் போட்டால் சும்மா இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள், அதைத் தானாக மூழ்க விடுங்கள். பாஸ் கடிப்பது புழு கீழே இறங்கும்போதுதான். எல்லாவற்றையும்விட முக்கியமானது, எதிர்முள் இல்லாத கொக்கியில் மீன் மாட்டினால் தூண்டில் நரம்பு ஒரு நொடிகூடத் தளரக் கூடாது. விறைப்பாக வைத்திருக்கிறவரை மீன் எங்கேயும் போகாது. தளர்ந்தால் போச்சு.

இந்த வருஷம், நான் வேலை செய்கிற பள்ளிக்கூடக் கேன்டீனில் லீவு போட்டுவிட்டு, இந்த அபிப்பிராயங்களையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு பாகூருக்குப் போனேன். மச்சான் சுகுமாருக்குக் கல்யாணம். வசந்தியின் ஒரே தம்பி, சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட் வேலை. முப்பத்தாறு வயது வரைக்கும் அவனுக்குக் கல்யாணம் கூடவில்லை. நிச்சயம் வரை போய் இரண்டு இடம் கலைந்தது. ஒன்று, நிச்சயத்துக்குப் போன அன்று வழியில் வண்டி பஞ்சரானது சகுனம் சரியில்லை என்று. இந்தத் தடவை பெண் கலைவாணி, அவனோடு அதே கம்பெனியில் வேலை செய்கிறவள், தானே பிடிவாதமாக நின்று சம்மதம் வாங்கியிருந்தாள். ஆனால் அவளுடைய தாய்மாமன் பூனை குறுக்கே போனால் பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுகிற ரகம். தாலி ஏறுகிறவரை எதுவும் நிச்சயமில்லை என்று என் மாமியார் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பந்தக்கால் நட்டு, நலங்கும் வைத்தாயிற்று. அதற்குமேல் மாப்பிள்ளைப் பையன் ஊர் எல்லை தாண்டக் கூடாது, ஆற்றுப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முந்தின நாளுக்கு முந்தின நாள் காலையில் நான் தூண்டில் ராடை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சுகுமார் பைக் சாவியோடு வந்து நின்றான்.

"நானும் வரேன் மாமா. வூட்ல உக்காந்து உக்காந்து மண்ட காயுது."

"நலங்கு வச்ச ஆளுடா நீ. அத்தைக்குத் தெரிஞ்சா என்னத் தொலைச்சிடுவாங்க."

"கல்யாண மாலைக்கு ஆர்டர் சொல்ட்டு வரேன்னு அம்மாகிட்ட சொல்லிக்கினேன். ஏறு மாமா."

ஏறினேன். பூரணாங்குப்பம் பக்கம் சுண்ணாம்பாறு கடலைத் தொடுகிற இடத்துக்குப் போனோம். அங்கே கொடுவா உண்டு. வெள்ளைக்காரன் அதையும் ஒருவகை பாஸ் என்றுதான் சொல்கிறான். குணமும் அதேதான், கம்பு, வேர், கல் என்று எதையாவது ஒட்டிப் பதுங்கி நின்று பாய்கிற மீன். கொடுவாவின் செவுள் பிளேடு மாதிரி இருக்கும், அதனால் நுனியில் ஒரு முழம் தடித்த நரம்பு கட்டிக்கொள்ள வேண்டும். கடல் ஓதம் ஏறி இறங்கத் திரும்புகிற நேரம் கணக்காகப் போய்விட்டோம். நான் பெட்டியைத் திறந்து கொக்கிகளைக் காட்டினேன். சுகுமார் ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னா மாமா இது, குட்டிமுள்ளயே காணோம்? பிரான்சு போயி மீனுக்கு வைத்தியம் பாக்கக் கத்துக்கினியா?"

வாயை மூடிக்கொண்டு போடுடா என்றேன். மூன்றாவது வீச்சிலேயே அவனுக்குக் கொடுவா மாட்டியது. நல்ல சைஸ். தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறியது. இவன் குஷியில் "மாமா! மாமா!" என்று கத்திக்கொண்டே என் பக்கம் திரும்பினான். ராடு தாழ்ந்தது, நரம்பு தளர்ந்தது, மீன் போய்விட்டது.

"பாத்தியா? முள்ளு இருந்திருந்தா வந்திருக்கும்."

"முள்ளு இல்லாததால போகலடா. நீ தளர வுட்ட, அதான் போச்சு."

அவனுக்குக் கோபம். அடுத்த வீச்சை ஆத்திரத்தோடு வீசினான். பொய்மீன் பழைய வலைக்கம்பு ஒன்றில் போய்ச் சிக்கிக்கொண்டது. சிக்கினால் ராடை வளைத்து இழுக்கவே கூடாது. ராடை நேராக நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெதுவாகத்தான் இழுக்க வேண்டும். இதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவன் பலம் கொண்ட மட்டும் இழுத்துவிட்டான். கம்பு விட்டது. பொய்மீன் பறந்து வந்து அவன் முகத்தில் அடித்தது.

"அம்மா!" என்று கண்ணைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

என் உயிர் என்னிடத்தில் இல்லை. தாய்மாமன் முகமும் பந்தலும் மாமியாரும் மூன்றாவது தடவையாகக் கலைகிற கல்யாணமும் ஒன்றாகக் கண்முன்னால் வந்தன. முழங்காலில் விழுந்து அவன் கையை விலக்கினேன். பொய்மீன் அவன் இடது புருவத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று கொக்கியில் ஒன்று புருவத்துக்குக் கீழே சதையில் வளைவுவரை இறங்கியிருந்தது. இமைக்கும் அதற்கும் நடுவே ஒரு அரிசி அகலம் இருக்கும்.

"கண்ணத் தெறடா. டேய், தெறடா. என்னத் தெரியுதா?"

"தெரிது மாமா. ரெண்டு கண்ணுலயும் தெரிது. ஏன் மாமா நீ அழுவுற?"

அழுதுகொண்டிருந்தேன்போல. குறட்டால் மற்ற இரண்டு கொக்கிகளையும் வெட்டி எடுத்தேன். எதிர்முள் உள்ள கொக்கியாக இருந்திருந்தால் அதைத் தொடவே எனக்குத் தைரியம் வந்திருக்காது. பெரிய ஆஸ்பத்திரி, கத்தி, தையல் என்று போயிருக்கும், கல்யாணத்தன்று முகம் பூசணிக்காயாக வீங்கியிருக்கும். "அசையாத" என்று சொல்லிவிட்டு, போன வழியிலேயே கொக்கியைத் திருப்பினேன். துணியில் குத்திய குண்டூசி மாதிரி சுளுவாக வந்துவிட்டது. ஒரே ஒரு பொட்டு ரத்தம். அவ்வளவுதான்! எனக்குச் சிரிப்பு வந்தது, நிற்கவே இல்லை. ழெராரே, நீ நல்லாயிருக்கணும்டா சாமி என்று தமிழில் வாய்விட்டுச் சொன்னேன். சுகுமார் மிரண்டுபோய்ப் பார்த்தான்.

பாகூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, கண்ணையும் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார்கள். வீட்டு வாசலில் மாமியார் நின்றிருந்தார். மாலைக்காரன் வீட்டுக்கே வந்து போய்விட்டானாம். நான் பொய் சொல்லவில்லை, நடந்ததை அப்படியே சொன்னேன்.

"நலங்கு வச்ச புள்ளய ஆத்துக்கு இட்டுகினு போனீங்களா? நீங்கல்லாம் படிச்ச மாப்ளயா? ஊரு சிரிக்க வக்கத்தான் பிளேன் ஏறி வந்தீங்களா?"

திட்டி முடித்ததும் கையை நீட்டி, "எங்க அந்தக் கொக்கி? குடுங்க" என்றார். மாமியார் பூரணாங்குப்பத்தில் பிறந்தவர், கொக்கி என்றால் என்னவென்று தெரியும். விரல் நுனியால் மேலும் கீழும் தடவினார். எதிர்முள் இருக்க வேண்டிய இடத்தில் விரல் நின்றது.

"இதுல முள்ளு இல்லியே."

"நசுக்கிட்டேன் அத்த."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசையும் அந்தக் கொக்கியையும் சேர்த்து முடிந்து, அம்மன் படத்தில் கட்டினார். "அம்மனுக்கு மொட்டன்னு வேண்டிக்கினேன்" என்றார்.

"சுகுமாருக்கா?"

"அவனுக்கு இன்னாத்துக்கு? இட்டுகினு போனது நீங்க. மொட்டயும் உங்களுக்குத்தான். ஆடிக்கு வந்து மொட்ட போட்டுட்டு, இந்த முடிச்ச நீங்களே அவுக்கணும்."

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. புருவத்துக்குக் கீழே சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகப் பூசிவிட்டோம், தாய்மாமன் கண்ணில் படவில்லை. கலைவாணி கண்ணில் பட்டது. மணையில் உட்கார்ந்தபடியே என்னவென்று கேட்டாளாம், இவனும் உளறிவிட்டானாம். "கொடுவாவ வுட்டுட்டு வந்தியா? எத்தினி கிலோ இருக்கும்?" என்றாளாம். கெட்டிமேளச் சத்தத்தில் அவன் சிரித்தது வீடியோவில் இருக்கிறது. நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

சுகுமார் இப்போது தன் கொக்கிகளையெல்லாம் நசுக்கிவிட்டான். ஆனால் பிடித்த மீனை விடுவதில்லை. போன வாரம் ஒரு கொடுவா, அதன் குழம்பு, பிறகு காலியான சட்டி என்று வரிசையாகப் படம் அனுப்பினான்.

இன்று காலை ஏரியில் எனக்கு ஒரு பாஸ் மாட்டிய நேரம் பார்த்து போன் அடித்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டேன். மாமியார்.

"டிக்கெட் போட்டீங்களா? அம்மன் படத்துல முடிச்சு அப்படியே கெடக்குது. நெதம் பாத்துகினு இருக்கேன்."

"பள்ளிக்கூடக் கேன்டீன்ல மொட்டத் தலையோட போயி நின்னா பசங்க சிரிப்பாங்க அத்த."

"சிரிக்கட்டும். வருவீங்களா, மாட்டீங்களா?"

மீன் ஆழத்துக்கு இழுத்தது. நான் நரம்பைத் தளர விடவில்லை. "வரேன் அத்த" என்றேன். மீனைக் கரைக்குக் கொண்டுவந்து, கையை நனைத்துக்கொண்டு, கொக்கியைக் கழற்றித் தண்ணீரில் விட்டேன். அது கொஞ்ச நேரம் என் உள்ளங்கையிலேயே நின்றுவிட்டுப் போனது. காதில் மாமியார் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். பந்தல் பிரித்தது, மழை இல்லாதது, கலைவாணி மீன் கழுவுகிற லட்சணம். நான் போனை வைக்கவில்லை.