முனியாண்டி கோயிலில் நின்றுபோன காடி

மலேசியாவில் ஈப்போ நகரம் என்றால் மற்றவர்களுக்குக் குகைக் கோயிலும் சாப்பாட்டுக் கடைகளும் நினைவுக்கு வரும். என் அப்பாவுக்கு மேடும் பள்ளமும்தான் நினைவுக்கு வரும். எந்தச் சாலை எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தக் கடை வாசலில் காடியை நிறுத்தினால் பிரேக்கை விட்டதும் தானாக உருளும், எந்த இடம் தட்டையாக இருந்து கழுத்தை அறுக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எல்லாம், நாங்கள் காடி என்று சொல்லும் எங்கள் காரின் பேட்டரி செய்த புண்ணியம்.

பேட்டரி 'கோங்' ஆகிவிட்டது, அதாவது செத்துவிட்டது என்று பட்டறைச் சீனர் எப்போதோ கையை விரித்துவிட்டார். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூடிகளைத் திறந்து தண்ணீர் ஊற்றுவார். முனைகளில் பூத்திருக்கும் பச்சைப் பொடியை வெந்நீர் விட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்ப்பார். வீட்டுக்கு வந்ததும் ஒரு வயரைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார். இத்தனை பணிவிடை செய்தும் காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும்தான் வரும். புதிதாக ஒன்று வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்கள், எங்கள் வீட்டில் ஒரு நோயாளி இருந்ததை மறந்துவிட்டுக் கேட்பார்கள்.

நோயாளி அம்மா. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அம்மாவுக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஈப்போவுக்குப் போய் ரத்தம் கழுவ வேண்டும். ஊசி குத்திக் குத்தி அம்மாவின் இடது கையில் நரம்பு கயிறு மாதிரி புடைத்திருக்கும். திரும்பி வரும் வழியெல்லாம் வாந்தி எடுப்பாள். மறுநாள் பகல் முழுக்கச் சுருண்டு படுத்திருப்பாள். கொஞ்சம் தெளிந்து எழுந்து உட்கார்ந்தால் அடுத்த முறை வந்து நிற்கும். குடிக்கிற தண்ணீருக்கும் கட்டுப்பாடு. டம்ளரில் கால்வாசி ஊற்றிக் கொடுத்துவிட்டு, போத்தலை அப்பா அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிடுவார்.

நாங்கள் இருந்தது ஒரு பழைய ரப்பர் தோட்டத்து லயத்தில். ரப்பர் மரங்களை அழித்துவிட்டுச் செம்பனை நட்டு வெகுநாள் ஆகியிருந்தது. வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். போக இடமில்லாத நாலைந்து குடும்பங்கள் மட்டும் அந்த வரிசை வீடுகளில் ஒட்டிக்கொண்டிருந்தோம். பஸ் கிடையாது. காடி ஓடினால்தான் அம்மா ஈப்போ போகமுடியும், ஈப்போ போனால்தான் அம்மா உயிரோடு இருக்கமுடியும். இதை அப்பா எனக்கு ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருந்தார். லயம் ஒரு மேட்டில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். பிரேக்கை விட்டதும் காடி சத்தமில்லாமல் உருளும். கொஞ்சம் வேகம் பிடித்ததும் அப்பா கியரைப் போட்டுக் கிளட்சை விடுவார். காடி இருமும், உதறும், பிறகு உயிர் வந்துவிடும். எனக்கு அந்த நேரம் ரொம்பப் பிடிக்கும்.

ஒரே சிக்கல் முனியாண்டி. தோட்டத்தை விட்டு வெளியே போகும் செம்மண் சாலையின், எங்கள் பேச்சில் சடக்கின், முனையில் அவருடைய கோயில் இருக்கிறது. எந்த வண்டியும் அங்கே நிற்காமல் போகாது. நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் பெரிய சாலையில் ஏற வேண்டும். பள்ளிக்கூட வேன்காரர் முதல் பழக்குலை ஏற்றும் லாரிக்காரர் வரை அதுதான் வழக்கம். ஆனால் அந்த இடம் பலகை மாதிரி தட்டை. அணைத்தால் அவ்வளவுதான். அதனால் அப்பா மட்டும் எஞ்சினை ஓடவிட்டுக் கும்பிடுவார். சாமி முன்னால் காடி உறுமிக்கொண்டு நிற்பது லயத்தில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. அப்பாவுக்கும் உள்ளூர உறுத்தல்தான். அபராதம் கட்டுவதுபோல் முனியாண்டிக்கு ஒரு சுருட்டு கூடுதலாக வைப்பார்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளி விடுமுறை என்பதால் நானும் கூடப் போனேன். கையுறை தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்த அப்பா, குளித்த கையோடு கிளம்பிவிட்டார். அம்மா மட்டும் கட்டிலை விட்டு எழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தபடியே கேட்டாள்.

“இன்னிக்கு ஒரு நாளு போகாம இருக்கலாங்க. ஒரே ஒரு நாளு.”

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலாம். கட்டிலோரம் குந்தி உட்கார்ந்து, சனி, ஞாயிறு இரண்டு நாளும் கழுவ முடியாது, உடம்பெல்லாம் தண்ணி கோத்துக்கும், மூச்சு விட முடியாது, புள்ளைய நெனச்சுப் பாரு என்று மெதுவாகச் சொன்னார். புள்ளை என்று அவர் என்னைக் காட்டியதும் அம்மா எழுந்துவிட்டாள். நானே சீப்பைக் கொண்டுவந்து கொடுத்தேன், பெரிய உதவி செய்வதாக எனக்கு நினைப்பு.

விடிவதற்கு முன் பெய்த மழையில் சடக்கெல்லாம் சேறு. கோயில் முன்னால் நிறுத்திவிட்டு, வழக்கம்போல் எஞ்சினை ஓடவிட்டு, சூடமும் சுருட்டும் எடுத்துக்கொண்டு அப்பா இறங்கினார். நான் பின்சீட்டில் இருந்தேன். அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, சூடத்தைக் கொளுத்தி, கண்ணை மூடினார்.

அம்மா இடதுபுற சீட்டிலிருந்து சாய்ந்தாள். கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள்.

எஞ்சின் நின்றது. செம்பனை மட்டையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு, சாமி கும்பிடு என்று என்னிடம் சொன்னாள். நானும் கும்பிட்டேன்.

அப்பா திரும்பினார். அவர் முகம் போன போக்கை எப்படிச் சொல்வது.

“சாமி முன்னால எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கலாமாங்க? அதான் நிப்பாட்டிட்டேன்” என்றாள் அம்மா.

அப்பா எப்படித் திட்டுவார்? முனியாண்டி அரிவாளோடு பின்னாலேயே நிற்கிறார். தெரியாம செஞ்சிட்ட, பரவால்ல என்று முணுமுணுத்துவிட்டு ஏறிச் சாவியைத் திருப்பினார். டக். மறுபடியும் டக். காடியின் முன்மூடியைத் திறந்து வயர்களை ஸ்பேனரால் தட்டினார். எனக்காக ஃபிளாஸ்கில் கொண்டுவந்த சுடுதண்ணீரைப் பேட்டரி முனைகளில் ஊற்றினார். கதவைத் திறந்துவைத்து, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தோளால் தள்ளினார். பின்னாலிருந்து நானும் தள்ளினேன். சேற்றில் இரண்டு பேருக்கும் கால் வழுக்கியது. அப்பா முழங்கால் மடங்க விழுந்து எழுந்தார். கைப்பேசியில் சிக்னல் இல்லை. ஆண்கள் யாராவது இருக்கிறார்களா பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு லயத்தை நோக்கி ஓடினார். இரவெல்லாம் நின்று வேலை செய்த மனிதர், சேறு தெறிக்க ஓடுவதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா அழவில்லை. காடியை விட்டு இறங்கி, கோயில் சிமெண்டுப் படியில் உட்கார்ந்தாள். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். யாரையாவது அனுப்பச் சொல்லி முனியாண்டியிடம் நான் சத்தமாகவே கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

“விடுடி. சாமிய தொந்தரவு பண்ணாத” என்றாள்.

பிறகு என் சடையை அவிழ்த்து, விரலாலேயே சிக்கெடுத்து, மறுபடியும் பின்னினாள். அவசரமே இல்லாமல் பின்னினாள். அவள் அப்படி நிம்மதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. சாமிக்கு மரியாதை செய்த திருப்தி என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவைவிட அம்மாவுக்குத்தான் பக்தி அதிகம் என்று எனக்குள் பெருமையாகவும் இருந்தது.

லயத்தில் ஆண்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். அப்பா அங்கிருந்து செம்பனைக்குள் ஓடி, ஒரு பழக்குலை லாரியை மறித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். கயிறு கட்டி இழுத்து எஞ்சினுக்கு உயிர் வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. பெரிய சாலைக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் அப்பா ரத்தம் கழுவும் நிலையத்துக்கு போன் செய்தார். அம்மாவின் நாற்காலியை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். இனி திங்கள்தான், மூச்சு முட்டினால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஒரு மணி நேரமாவது போதும் மிஸ்ஸி என்று அப்பா நர்ஸிடம் கெஞ்சினார். போன் வைக்கப்பட்ட பிறகும் கெஞ்சினார். பிறகு ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தார். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை அம்மா எங்களோடு உட்கார்ந்து பசியாறினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கால், முகம் எல்லாம் வீங்கிவிட்டது. மூச்சு விட வாயைத் திறந்து திறந்து மூடினாள். எங்கள் காடியை நம்பாமல் பக்கத்து வீட்டு அத்தை தன் மகனை எழுப்பி, மகனின் வேனில் அம்மாவை ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரியில் அவசரமாகக் கழுத்தில் குழாய் போட்டுக் கழுவிப் பிழைக்க வைத்துவிட்டார்கள்.

திங்கள் மத்தியானம் அப்பா என்னை வார்டுக்குக் கூட்டிப்போனார். கை கழுவக்கூட நேரமில்லாமல் விரலெல்லாம் கறுப்பு கிரீஸ். ஒரு நல்ல சேதி சொல்லப்போகும் ஆள் மாதிரி நடந்தார். எனக்கு விஷயம் முன்பே தெரியும். யாரிடமும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்பா அம்மாவின் தலைமாட்டில் குனிந்தார்.

“புது பேட்டரி போட்டாச்சு. மூணு வருசத்துக்குக் கவலை இல்லையாம். இனிமே எங்க வேணாலும் நிப்பாட்டலாம், எடுக்கலாம். ஒரு நாளுகூடத் தவறாது.”

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கழுத்துக் குழாய் அசைய, தோள் குலுங்க அழுதாள். பக்கத்துக் கட்டில் பாட்டிகூட எழுந்து பார்த்தார். அப்பா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். வெள்ளை ஆஸ்பத்திரிச் சட்டையில் அவர் விரல் பட்ட இடமெல்லாம் கறுப்பானது.

சாயங்காலம் லயத்துக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டு அத்தைதான் முதலில் ஓடிவந்து கேட்டார், அம்மா எப்படிம்மா இருக்காங்க என்று. அப்பா புது பேட்டரி வாங்கிட்டாரு, அம்மா சந்தோஷத்துல அழுதுட்டாங்க என்றேன். அன்று லயத்தில் யார் கேட்டாலும் அதையேதான் சொன்னேன்.