ஏனோக்கின் வலது கணுக்கால்

கால் வீங்கிய ஒருவனைப் பங்காருபேட்டை ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறக்கிப் பிளேக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்களாம். அவன் திரும்பவே இல்லையாம். தண்ணீர் வண்டிக்காரன் சொன்னதாக ஏனோக்கின் பக்கத்து வீட்டு மங்கம்மா சொன்னாள். மங்கம்மா சொன்னதாக, சுரங்கக் கூலிக்காரர் குடியிருக்கும் ஸ்கெலட்டன் லைன் முழுவதும் சொன்னது. பிளேக் கட்டி தொடையிடுக்கிலும் அக்குளிலும் வருவது, கணுக்காலில் அல்ல என்று எடுத்துச் சொன்னால் கேட்பாரில்லை.

அந்தப் பேச்சு அடங்குமுன் ஏனோக் ஏணியிலிருந்து இறங்கும்போது காலைப் பிசகிக்கொண்டான்.

ஏனோக் தங்கச் சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிறவன். குடியாத்தம் பக்கத்திலிருந்து மீசை முளைக்குமுன் வந்தவன். ஆட்களை ஏற்றிய கூண்டு கீழே இறங்கும்போது கீர்த்தனை பாடுவான். புதிதாக வந்தவர்கள் நடுங்காதிருக்கட்டும் என்று. மேலே வந்தால் சுரங்கத்தை மேற்பார்க்கும் காப்டன் துரையின் விறைத்த நடையை நடந்துகாட்டி லைனையே சிரிக்க வைப்பான். அதனால் முதல் நாள் அவன் நொண்டியபோதும் எல்லாரும் சிரித்தார்கள்.

நான் அங்கே சுரங்கத்து மருந்துச்சாலையில் கம்பவுண்டர். யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டி வந்தவன். ஏனோக் என்னிடம் காலை நீட்டினான். கணுக்காலின் இருபுறமும் பொம்மிக்கொண்டிருந்தது. ஒருபுறம் விரலால் அழுத்தினேன், மறுபுறம் எழும்பியது.

"இன்னா ஐயா, உள்ள தவளை கீதா?"

"மூட்டுக்குள்ள நீர் கோத்திருக்கு. எலும்பு முறியேல்லை. ஈரத்துணி சுத்தி, மேலே இறுக்கிக் கட்டிவிடுறன். காலை உயர வைச்சுப் படுத்திரும். நடக்காதையும். தானா வத்திப்போகும்."

"ஐயா பேசினா பிரசங்கம் கேட்ட மாதிரியே கீது" என்று சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. "படுத்துக்கினா ஆவுமா? ஷிப்டுக்கு வராதவன் வூட்ல பிளேக் பார்ட்டி நுழையுது. பானை சட்டியெல்லாம் தெருவுல. நான் நடந்துக்கறேன்."

அவன் சொன்னது பொய்யில்லை. அந்த வருஷம் அப்படித்தான் நடந்தது. வேலைக்கு வராதவன் பெயரைப் பார்த்துப் பிளேக் பரிசோதனைக்காரர்கள் வீட்டுக்கு வருவார்கள், காய்ச்சல் இருக்கிறதா, இடுக்கில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள், இருந்தால் கொட்டகை. லைனைவிட்டு வெளியே போகும் கேட்டில் நொண்டுகிறவனையும் நிறுத்துவார்கள். ஆகவே ஏனோக் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தான். வீக்கம் வளர்ந்தது.

மூட்டுக்குள் எப்போதும் கொஞ்சம் நீர் உண்டு, உரசாமல் இருப்பதற்கு. பிசகினாலும் அடிபட்டாலும் வாதம் கண்டாலும் அது பெருகும். தெளிந்த நீராக இருக்கும்வரை ஓய்வு போதும். உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும். வெளி அழுக்கு உள்ளே புகுந்தால் சீழாகிவிடும். சீழ் முதலில் மூட்டைத் தின்னும், பிறகு காலை, பிறகு ஆளை.

ஒரு மத்தியானம் அவன் மனைவி பியாட்ரிஸ் மருந்துச்சாலை வாசலில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"ஐயா, வாங்க. அவருக்கு உடம்பு அனலா கொதிக்குது. யாரையும் இட்டாராதீங்க."

கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். கணுக்காலில் புளியும் உப்பும் அரைத்துப் பற்றுப் போட்டிருந்தது. கழுவினேன். தோல் சிவந்து மினுங்கியது. நடுவில் ஒரு சின்னத் துளை. அதிலிருந்து மஞ்சளாகக் கசிந்தது.

"இதை ஆர் குத்தினது?"

மூலையிலிருந்து மங்கம்மாதான் வாய் திறந்தாள்.

"நான்தான் சாமி. கருவேல முள்ளு. மஞ்சத் தண்ணில கழுவித்தான் குத்துனேன். தண்ணி வடிஞ்சதும் நல்லாத்தானே நடந்தாரு? கேட்ல ஒருத்தனும் பாக்கல."

நொண்டல் தெரியக்கூடாது என்பதற்காகக் குத்தியிருக்கிறாள். அவளைத் திட்ட வாய் வரவில்லை. கணுக்காலிலிருந்து ஒரு சிவப்புக் கோடு உள்தொடை வழியாக மேலே ஏறியிருந்தது. அது போன இடத்தைத் தொட்டேன். தொடையிடுக்கில் புளியங்கொட்டை அளவில் நெறி கட்டியிருந்தது.

என் கை தானாகப் பின்வாங்கியது. காய்ச்சல், இடுக்கில் கட்டி. பிளேக்காகவே இருந்துவிட்டால்? நான் தொட்டுவிட்டேனே. கையைக் கார்பாலிக் தண்ணீரில் முக்கினேன், மறுபடி முக்கினேன். பிறகுதான் புத்தி திரும்பியது. புண் காலில். கோடு அங்கிருந்துதான் ஏறுகிறது. காலில் நஞ்சு ஏறினால் நெறி கட்டத்தானே செய்யும்?

"அதுவா ஐயா?" என்றாள் பியாட்ரிஸ். பெயரைச் சொல்லவில்லை.

"இல்லை. மூட்டு சீழ் பிடிச்சிருக்கு. இண்டைக்கே ஆஸ்பத்திரியில டாக்டர் துரை திறந்து கழுவ வேணும்."

"பிளேக் பார்ட்டிக்காரங்க கால பாப்பாங்களா? இடுக்கத் தடவிட்டு இட்டுகினு பூடுவாங்களே. கொட்டாயில யாரு ஐயா காலத் தெறப்பாங்க?"

கொட்டகையில் கத்தியும் இல்லை, அதைப் பிடிக்கிறவனும் இல்லை. மூட்டுக்குள் ஊசி விட எனக்கும் உத்தரவில்லை, பழக்கமும் இல்லை.

ஏனோக் கண்ணைத் திறந்தான். உதடு வெடித்திருந்தது. "கால எடுத்துடுவாங்களா ஐயா?"

"இப்ப போனால் கால் மிஞ்சும்."

"காப்டன் தொரையாட்டம் நடந்து காட்னதுக்கு நல்லா குட்த்தாரு ஆண்டவரு" என்று சிரிக்கப் பார்த்தான். பல் கிட்டிக்கொண்டது.

வெளியே எட்டிப் பார்த்த மங்கம்மா சட்டென்று உள்ளே திரும்பினாள். "வராங்க. மேல் வரிசையில, தொட்டியாண்ட."

தூக்கிக்கொண்டு ஓட முடியாது; காய்ச்சல்காரனைக் கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள். டாக்டர் துரை வாயால் சொல்லி ஆஸ்பத்திரி டோலியை அனுப்பினால் மட்டும் விடுவார்கள். சுரங்கக் குழியோரத்து ஷாப்ட் ஆபீசில் ஆஸ்பத்திரிக்கு ஒரு டெலிபோன் உண்டு. "யார் வந்தாலும் காலை முதல்ல காட்டும். கோட்டைக் காட்டும்" என்று பியாட்ரிஸிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

கைப்பிடியைச் சுழற்றினேன். குழலைக் காதில் வைத்தேன். எங்கோ தொலைவில் மணி அடிப்பது ஈ ரீங்காரம் போலக் கேட்டது.

"துரை தூங்குற நேரம் ஐயா" என்றார் ஆபீஸ் குமாஸ்தா.

"புண் கட்டுற டிரெஸர் இருப்பார். ஆராவது இருப்பினம்."

ஜன்னல் வழியாக லைன் தெரிந்தது. மேல் வரிசையை முடித்துவிட்டுப் பிளேக் பார்ட்டி கீழ் வரிசைக்கு இறங்கியது. ஒரு வீட்டின் பாயும் தலையணையும் வெளியே வந்து விழுந்தன. அடுத்த வீடு மங்கம்மாவுடையது. அதற்கடுத்த கதவின் குறுக்கே பியாட்ரிஸ் இரண்டு கைகளையும் நிலையில் ஊன்றி நின்றாள்.

மறுபடி சுழற்றினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.